ரெம்பிராண்ட் எப்படிப் பிழைத்தார்? – கேள்வி பதில்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: மில்காரர் மகனுக்குப் பெரிய இடத்து ஆர்டர் எப்படி சார் கிடைத்தது?

ப: லைடன் ஊரில் அப்பாவுக்குக் காற்றாலை. மகன் 1631 வாக்கில் ஆம்ஸ்டர்டாம் வந்து, ஓவிய வியாபாரி ஒருவரின் பட்டறையில் வேலை பார்த்தார். ஆர்டர் பிடிப்பது வியாபாரியின் பொறுப்பு. அவருடைய உறவுக்காரப் பெண் சாஸ்கியாவைத்தான் 1634-ல் கட்டிக்கொண்டார்.

கே: 'இரவுக் காவல்' பிடிக்காமல் போனதால்தான் நொடித்துப்போனார் என்கிறார்களே?

ப: இந்தக் கதையை நம்பாதீர்கள். 1642-ல் முடிந்த அந்தக் குழுப்படத்துக்கு, அதில் இருக்கும் காவல்படையினர் ஆளுக்குச் சராசரி 100 கில்டர் (அந்நாள் டச்சு நாணயம்) கொடுத்தார்கள். படத்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். அது இரவுக் காட்சியும் இல்லை. வார்னிஷ் கறுத்ததால் வந்த பெயர்.

அவரை அடித்தது வீட்டுக் கடன். 1639-ல் 13,000 கில்டருக்கு வீடு வாங்கினார். பாக்கியைக் கட்டி முடிக்கவே இல்லை. ஏலத்துக்குப் போனால் ஓவியம், சிப்பி, பழைய கவசம் என்று வாங்கிக் குவிப்பார். 1650-களில் டச்சு நாட்டுக்கு ஆங்கிலேயரோடு சண்டை, வியாபாரம் படுத்தது, கடன்காரர்கள் நெருக்கினார்கள். 1656-ல் மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அதிகாரிகள் வீட்டுச் சாமான்களை அறை அறையாக எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. படித்தால் மனசு கனத்துவிடும்.

கே: அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு?

ப: சாஸ்கியா 1642-லேயே இறந்துவிட்டார். பின்னாளில் உடன் வாழ்ந்த ஹெண்ட்ரிக்யேவும் மகன் டைட்டஸும் 1660-ல் ஒரு கம்பெனி வைத்து, அவரை அதில் வேலைக்காரராகச் சேர்த்தார்கள். சம்பாத்தியம் கடன்காரர் கைக்குப் போகாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த நிலையிலும் 1662-ல் துணி வணிகர் சங்கத்தார் தங்கள் குழுப்படம் வரைய இவரைத்தான் தேடி வந்தார்கள்.

கே: தன்னையே ஏன் அத்தனை தடவை வரைந்தார்?

ப: கூலி கேட்காத மாடல், எந்நேரமும் கண்ணாடியில் கிடைக்கும். வாங்கவும் ஆள் இருந்தார்கள். ஓவியம், செதுக்கச்சு (உலோகத் தகட்டில் கோடு போட்டு எடுக்கும் அச்சுப் படம்), கோட்டோவியம் எல்லாம் சேர்த்தால் எண்பதுக்குப் பக்கம். இருபத்திரண்டு வயதில் வரைந்த சின்னப் படம் ஒன்றில் முகத்தின் பெரும்பகுதி நிழலில் இருக்கும். தலையில் சுருள் சுருளாகத் தெரியும் வெளிச்சக் கோடுகள் வெள்ளைப் பெயிண்ட் இல்லை. ஈரம் காயுமுன் தூரிகையின் பின்முனையால் கீறி, அடிப்பூச்சைத் தெரியவிட்டிருக்கிறார். முதல் தடவை இது புரிந்த அன்று நான் தூங்கவே இல்லை.

கே: அண்ணா, போர்ட்ரெயிட் இப்போதுதான் பழகுகிறேன். எதைப் பார்க்கட்டும்?

ப: லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள 1669-ம் வருடத்துச் சுய உருவப்படத்தைப் பாரும்மா. அவருக்கு அப்போது 63 வயது. அந்த அக்டோபரில் இறந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், முதலில் கையில் தூரிகை வைத்திருந்தது தெரிந்தது. பிறகு தூரிகையை எடுத்துவிட்டுக் கைகளைக் கோத்து வரைந்திருக்கிறார். தலைக்கட்டையும் சிறிதாக்கியிருக்கிறார்.