மகள் திருமணத்துக்குப் பரோல்: விசாரணை அதிகாரி இன்னும் வரவில்லை என்றால்?

கேள்வி: என் கணவர் பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஐந்து ஆண்டுகளாக ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறார். மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது, வேறு வழக்கு எதுவும் இல்லை. தை மாதம் எங்கள் மகளுக்குத் திருமணம். பரோல் மனு கொடுத்து ஆறு வாரமாகியும் விசாரணைக்கு யாரும் வீட்டுக்கு வரவில்லை. சிறை வாசலில் அறிமுகமான ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் உத்தரவு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். போன ஆண்டு என் கணவரின் தங்கை திருமணத்துக்குக் கேட்டபோது மனு நிராகரிக்கப்பட்டதால் பயமாக இருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிடலாமா? (வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற மண்டல நன்னடத்தை அலுவலர்

கொடுக்காதீர்கள், அம்மா. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஆள் உங்களுக்கு விற்க நினைப்பது, உங்கள் கணவர் ஏற்கெனவே முறைப்படி கேட்டிருக்கும் ஒன்றைத்தான்.

நாம் பரோல் என்று சொல்வதை, 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் விடுப்பு என்று குறிப்பிடுகின்றன. அது சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என இரண்டு வகைப்படும். ஆயுள் தண்டனைக் கைதி மூன்று ஆண்டுகளை முடித்திருந்தால் சாதாரண விடுப்பு கேட்கலாம். மகளின் திருமண ஏற்பாடு அதற்கு ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்று. உங்கள் கணவருக்கு அந்தத் தகுதி இருக்கிறது. அவருடைய மனு சிறைக் கண்காணிப்பாளர் வழியாக நன்னடத்தை அலுவலரின் விசாரணைக்கு வரும். காவல் நிலையத்தின் கருத்தும் கேட்கப்படும். அதன் பிறகு அந்தச் சரகத்தின் சிறைத்துறை துணைத் தலைவர், அதாவது டி.ஐ.ஜி., உத்தரவிடுவார். ஆறு வாரமாக யாரும் வரவில்லை என்றால், பெரும்பாலும் மனு யாராலும் மறுக்கப்படவில்லை, ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது என்றுதான் பொருள். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஒரு காகிதம் போய்ச் சேர மூன்று வாரமாவதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்துச் சலித்தவன் நான். திருமணத் தேதி காத்திருக்காது என்பது அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருந்தாலும், அதைக் கையில் வைத்திருப்பவர் கண்ணில் படுவதில்லை.

ஆகவே முதலில் காகிதம் எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். அடுத்த முறை மனுப் போட்டுக் கணவரைப் பார்க்கப் போகும்போது, விசாரணை அறிக்கை கேட்டு எந்தத் தேதியில், எந்த எண்ணிட்ட கடிதம் நன்னடத்தை அலுவலருக்குப் போனது என்று சிறை அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணுடன் உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரை நேரில் பாருங்கள். கடிதம் வராமல் அவர் உங்கள் வீட்டுப் படியேற முடியாது. கடிதம் வந்தும் அவர் வரவில்லை என்றால், திருமண அழைப்பிதழ், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மண்டல நன்னடத்தை அலுவலருக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் எழுதுங்கள்.

மண்டல அலுவலருக்கு எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அந்தப் பொறுப்பில் இருந்தபோது, ஒரே அலுவலரிடமிருந்து ஒரே நாளில் மூன்று கிராமங்களைப் பற்றி மூன்று அறிக்கைகள் வந்தன. மூன்றிலும் ‘கைதி ஊருக்கு வந்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படக்கூடும்’ என்ற ஒரே வாக்கியம். மூன்றாவது அறிக்கையில் ஊர்ப் பெயரைக்கூட மாற்றாமல் இரண்டாவது ஊரின் பெயரையே விட்டிருந்தார். வீட்டுக்கே போகாமல், காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதிய அறிக்கைகள் அவை. மூன்றையும் திருப்பி அனுப்பி, அவரை நேரில் போய் வரச் செய்தேன். அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பேருந்தில் போய் வர வேண்டிய ஒருவர் தலையில் இத்தனை ஊர்களைக் கட்டிவிட்டு, அறிக்கை தாமதம் என்று மாதக் கூட்டத்தில் அதட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் மேலதிகாரி கேட்டால்தான் கோப்பு நகரும் என்ற நிலை இருக்கும்வரை, கேட்க வைப்பது உங்கள் உரிமை.

இனி, போன ஆண்டு நிராகரிக்கப்பட்ட மனு. ‘தங்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் மாமனார், மாமியாருக்குப் பிறந்த மகளா, இல்லை சித்தப்பா மகளா, சித்தி மகளா? நம் வீடுகளில் இவர்கள் எல்லோரும் தங்கைதான். தாலிக்குப் பொன் வாங்குவதிலிருந்து சீர் வைப்பது வரை அண்ணன் முறையில் நின்று செய்கிறோம். விதிகள் ஏற்பது உடன்பிறந்த சகோதரன், சகோதரியின் திருமணத்தை மட்டுமே. பெரியப்பா மகன், சித்தி மகள், ஒன்றாகவே வளர்ந்தவர்கள் என்றாலும் அந்த வரிக்குள் வரமாட்டார்கள். பலர் ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் ‘தங்கை’ என்று எழுதிவிடுகிறார்கள். அலுவலர் குடும்ப அட்டையைப் பார்த்ததும் தகப்பன் பெயர் வேறாக இருக்கிறது. ‘பொய்யான காரணம்’ என்று அறிக்கையில் ஏறிவிடுகிறது. உங்களுக்கும் இதுதான் நடந்திருந்தால், இப்போதே ஒரு வெள்ளைத்தாளில் அந்த உறவுமுறையை விளக்கி எழுதி வைத்து, விசாரணைக்கு வருபவரிடம் நீங்களே முதலில் கொடுங்கள். அவர் பழைய கோப்பைப் பார்த்துக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மகள் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருந்தால் போதும்.

சிறை வாசல் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டு, உத்தரவு தானாக வரவிருக்கும் நேரத்தில் பணம் வாங்கிக்கொண்டு, தாங்களே முடித்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். வராவிட்டால், ‘மேலே கொடுத்துவிட்டேன், திரும்பாது’ என்பார்கள். இதைவிடக் கொடியது, அவர்கள் ஏற்பாடு செய்யும் மருத்துவச் சான்றிதழ். ஒரு கைதியின் தாய் மூச்சுத்திணறலால் படுத்த படுக்கையாக இருப்பதாகச் சான்றிதழ் வந்து, நான் விசாரிக்கப் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மோர் கொடுத்தார். சான்றிதழைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. மனு தள்ளுபடியானது. ஒன்றரை ஆண்டு கழித்து அவர் உண்மையிலேயே நோயில் விழுந்தபோது, மகனின் மனுவை எந்த மேசையிலும் யாரும் நம்பவில்லை. ஆகவே அந்த ஆள் உங்களிடம் எந்தத் தாளை நீட்டினாலும் வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு ஊழியரின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால், லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் புகார் கொடுக்கலாம்.

மார்கழி நடுப்பகுதி வரையிலும் அசைவு தெரியாவிட்டால், இரண்டு காரியங்களை ஒரே வாரத்தில் செய்யுங்கள். மகளின் திருமணத்துக்கு அவசர விடுப்பும் கேட்கலாம் என்பதால், உங்கள் கணவர் சிறைக் கண்காணிப்பாளரிடம் அதற்குத் தனி மனு கொடுக்கட்டும். ஆண்டுக்கு மொத்தம் 15 நாள்களுக்கு மேல் அதில் கிடைக்காது. போலீஸ் வழிக்காவலுடன் அனுப்பவும் கூடும். ஆனாலும் தாலி கட்டும் நேரத்தில் தகப்பன் மணவறையில் நிற்க வழியுண்டு. இரண்டாவதாக, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் அளிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. மனுவின் மீது திருமணத்துக்கு முன்பாக முடிவெடுக்க உத்தரவிடக் கோரி, அந்த வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்வார். போகும்போது மனு கொடுத்த தேதி, சிறையிலிருந்து போன கடித எண், தபால் ஒப்புகை மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அவை இல்லாவிட்டால், விவரம் சேகரித்து வரும்படி உங்களையே திருப்பி அனுப்புவார்கள். அதில் இன்னொரு வாரம் போய்விடும்.