எரிமலையே இல்லாத இலங்கையில் பூமிச்சூட்டில் கரண்ட் எடுக்கலாமா? ஆழத்துப் பாறையை உடைத்தால் நிலம் நடுங்காதா?

எடுக்கலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. நடுக்கம் பற்றிய பயமும் நியாயமானதுதான். நான் பாறைப் பொறியியல் படித்து, கொழும்பில் அடுக்குமாடிகளுக்கு அத்திவாரம் ஆராயும் வேலை செய்கிறேன்.

சூட்டுக்கு எரிமலை வேண்டியதில்லை. சாதாரண நிலத்திலேயே ஒரு கிலோமீற்றர் இறங்க 25 முதல் 30 பாகை ஏறும். அப்படியே ஏறினால் 5 கிலோமீற்றரில் 150 பாகைக்கு மேல். அந்த அளவு சூட்டில் மின்சாரம் எடுக்க முடியும். கன்னியா, மகாஓயா, மதுனாகல வெந்நீரூற்றுகளும் எரிமலையால் வந்தவை அல்ல. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போய், சூடேறி, மேலே வருகிறது.

ஆகவே கேள்வி சூட்டைப் பற்றியது அல்ல, வழியைப் பற்றியது. சூட்டை மேலே கொண்டுவரத் தண்ணீர் ஓட வேண்டும், ஆழத்துக் கருங்கல்லில் அதற்கு இடமில்லை. 'உடைப்பது' என்று எல்லோரும் சொன்னாலும் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. அங்கே பழைய வெடிப்புகள் ஏற்கெனவே உண்டு. மேலே கிடக்கும் பாறையின் பாரம் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. 5 கிலோமீற்றரில் அந்தப் பாரம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 1300 மடங்கு. அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினால் பிடி தளரும், இரு முகங்களும் கொஞ்சம் நழுவும். முகங்கள் கரடுமுரடானவை என்பதால் பழையபடி பொருந்தாமல், சிறு இடைவெளி விட்டு நிற்கும். தண்ணீர் ஓடும் பாதை அதுதான்.

கொழும்பில் துளைத்தெடுக்கும் பாறைத் துண்டுகளிலும் இதன் ஒரு சாயலைக் காணலாம். மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்த, நைஸ் என்னும் வரிவரியான கடும்பாறை உருளைகளில் சில வெடிப்புகளின் முகத்தில் துருப்பிடித்த மண்ணிறம் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். அந்த வழியால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு, கல்சைற்று என்ற வெள்ளைக் கனிமத்தால் பூசி அடைத்தது போல இருக்கும். ஒரே பாறை, ஒரு சாண் இடைவெளி. எது திறக்கும், எது திறக்காது என்பதை மேலே நின்று சொல்லவே முடியாது.

கம்பஸில் ஒரு நைஸ் வில்லையை, காசை நிறுத்துவது போல நிறுத்தி, அழுத்தினேன். பாரம் காட்டும் ஊசி ஏறிக்கொண்டே போனது, கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு 'டக்' என்ற சத்தத்தோடு நடுவால் இரண்டாகப் பிளந்தது. கறுப்பு மைக்கா வரிகள் நிமிர்ந்து நின்றால் குறைந்த பாரத்திலேயே பிளந்தது, படுத்திருந்தால் தாங்கியது. எங்கள் பாறைக்குத் திசை உண்டு என்பது அன்றுதான் விளங்கியது.

இனி நடுக்கம். சுவிற்சர்லாந்தின் பாசலில் 2006 டிசம்பரில் இப்படித் தண்ணீர் செலுத்தியபோது 3.4 அளவில் நிலம் நடுங்கி, திட்டம் நின்றுபோனது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் வந்த அதிர்வு 5 ஐத் தாண்டியது; அதைத் தூண்டியது அங்கிருந்த புவிவெப்பத் திட்டமே என்று அரசு நியமித்த குழு 2019 இல் சொன்னது. முன்பு தெரியாதிருந்த பிளவு ஒன்று ஏற்கெனவே நழுவத் தயாராக இருந்தது. பிரான்சின் சுல்ற்சிலோ 5 கிலோமீற்றர் கிணறுகளைக் கொண்டு இன்றும் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே இயற்கையாக இருந்த வெடிப்புகளையே பயன்படுத்தினார்கள்.

இங்கே என்னிடம் காசு தந்தால் முதலில் ஆழத்துளை போட மாட்டேன். மகாஓயா, கன்னியாப் பக்கம் நிலநடுக்கமானிகளை இரண்டு வருடமாவது வைத்து, சின்னச் சின்ன அதிர்வுகள் எந்தக் கோட்டில் வருகின்றன என்று பார்ப்பேன்.