குன்னூரில் பருப்பு வேகவில்லையா? விசிலை எண்ணாதீர்கள்

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மதுரையில் மூன்று விசிலில் மலர்ந்த துவரம் பருப்பு, இங்கு மாற்றலாகி வந்த பிறகு ஆறு விசில் வைத்தாலும் நடுவில் கடுக்கென்று இருக்கிறது. மாலை ஆறரைக்கு வீடு திரும்பினால் எட்டு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடியவில்லை. சிலிண்டரும் சீக்கிரம் தீர்கிறது. வீடு தேடி வந்த பாத்திரக்காரர், மலைக்கென்றே செய்த கனமான குக்கர் வெயிட் இருக்கிறது, அதை மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். குறை உங்கள் குக்கரிலும் இல்லை, கைப்பக்குவத்திலும் இல்லை. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. உதகையில் அது இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் குறைவு. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். கொதி வந்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது, வற்றத்தான் செய்யும். திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்கிற வீடுகளில் எரிவாயு கரைவது இப்படித்தான். குக்கரின் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் கூட்டுகிறது. வெளியே அழுத்தம் குறைவாக இருக்கும்போது உள்ளேயும் அந்த அளவுக்குக் குறைகிறது.

ஆகவே விசில் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். தீயின் அளவு, தண்ணீர், குக்கர் நிரம்பியிருக்கும் அளவு ஆகியவற்றுக்கு ஏற்ப விசில் மாறும், நிமிடம் மாறாது. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, சமவெளியில் 10 நிமிடம் ஆகும் பொருளுக்குக் குன்னூரில் 12, உதகையில் 13 நிமிடம் கொடுங்கள். இந்த ஒரு வரியைக் குக்கரோடு தரும் குறிப்பேட்டில் அச்சிட நிறுவனங்களுக்கு என்ன தடை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மலையில் குடியிருப்பவர்களும் அதே விலையைக் கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்?

உங்கள் நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்தப்போவது காலையில் செய்யும் ஒரு வேலை. வேலைக்குக் கிளம்பும் முன் பருப்பைக் களைந்து ஊறவைத்துவிடுங்கள். குளிர்ந்த ஊர் என்பதால் மாலைவரை கெடாது. வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தூளும் சிறிது எண்ணெயும் சேர்த்து, நூல்கோல், கேரட், பீன்ஸ் ஆகியவற்றைப் பெரிய துண்டுகளாக அதிலேயே போட்டு, மேல் தட்டில் அரிசியை வைத்து ஒரே குக்கரில் ஏற்றுங்கள். புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு பட்டால் பருப்பு மசியாது. குக்கர் அடங்கும் நேரத்தில் தாளிப்பும் ஒரு கோஸ் பொரியலும் முடிந்துவிடும். முக்கால் மணி நேரத்தில் இலை போடலாம். ஊறவைக்க மறந்த நாளில் பாசிப்பருப்போ மைசூர்ப் பருப்போ போதும். அதுவும் இல்லையென்றால் பச்சைப் பட்டாணி போட்ட சாமை உப்புமா. இட்லி மாவை மட்டும் நம்பியிருக்காதீர்கள், குளிர் மாதங்களில் அது புளிக்க ஒரு முழு நாள்கூட ஆகும்.

அவசர இரவில் குறுக்கு வழியே கூடாத பொருள் ஒன்று உண்டு, அது ராஜ்மா. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது; வேகாத கொட்டை நான்கைந்து தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். பாதி வெந்தால் பாதி ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள்: 80 டிகிரி அளவில் மிதமாகச் சூடேறி நின்றுவிட்டால் நச்சு பச்சைக் கொட்டையில் இருப்பதைவிடக் கூடவும் செய்யும். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஊரில், திறந்த பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு ஹாட் பாக்ஸில் மூடிவைப்பது எவ்வளவு தவறு என்று எண்ணிப் பாருங்கள். காலையில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, குக்கரில் முதல் விசிலுக்குப் பின் 25 நிமிடம் வையுங்கள். ஒரு கொட்டையை விரலால் நசுக்கி, உள்ளே மாவுபோல் குழைந்தால் மட்டுமே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

இனி அந்தப் பாத்திரக்காரர். ஒவ்வொரு குக்கரின் உடலும் கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் அதற்கென்று குறித்த வெயிட்டுக்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை. 2021 முதல் வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருப்பதும் இதற்காகத்தான். கனமான வெயிட்டை மாட்டினால் வால்வு உருகிப் பீய்ச்சும்; பழைய மூடியாக இருந்தால் அது கழன்று பறக்கும். கோத்தகிரியில் ஒரு வீட்டின் அடுக்களைக் கூரையில் சாம்பாரும் சுவரில் மூடி அடித்த பள்ளமும் கண்டவன் நான். அந்த நேரம் யாரும் அருகில் இல்லாதது அவர்களுடைய நல்ல காலம். விற்றவர் பில்லும் கொடுக்கவில்லை, மறுபடி அந்தப் பக்கம் வரவும் இல்லை. வெயிட் தொலைந்தால் அதே நிறுவனத்தின் அதே மாதிரிக்கு உரியதைக் கடையில் பில்லோடு வாங்குங்கள். இதே ஆட்கள் “கேஸ் சேவர்” என்றொரு கருவியும் கொண்டுவருவார்கள். ரெகுலேட்டரிலோ குழாயிலோ கை வைக்க அவர்களை விடாதீர்கள்.

சிலிண்டர் சீக்கிரம் தீர்வதற்கு உயரம் மட்டும் காரணமாக இல்லாமலும் போகலாம்; வரும்போதே எடை குறைவாக இருந்திருக்கலாம். சரிவில் உள்ள வீடுகளுக்கு ஏறி வராமல் சிலிண்டரைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போவதே இங்கே வழக்கமாகிவிட்டது, அதைக் கேட்க வேண்டியவர்களும் கேட்பதில்லை. வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ இருக்க வேண்டும். வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டு, கொண்டுவருபவரிடம் தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். முத்திரை உடைந்திருந்தாலோ எடை குறைந்தாலோ வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.