மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்குப் பதற்றத்தை அளக்கத் தனியாக ஒரு கேள்வித்தாள் எதற்கு? அதன் மதிப்பெண்ணை நம்பலாமா? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம். ஆனால் பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் யாரோ துணைக்கு வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பல்லடம் பக்கம் வீட்டுக்காரரோடு சேர்ந்து கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறேன். மனச்சோர்வுக்கு மருந்தும் எடுக்கிறேன். "சொந்த அனுபவத்தை வைத்து மருத்துவம் பேசாதே" என்று சொல்ல வருபவர்கள் தாராளமாக வரலாம். அந்தத் தாள் கேட்பதே என் அனுபவத்தைத்தான்.

எனக்கு வைத்தது ஜிஏடி-7 என்ற பதற்றக் கேள்வித்தாள். 2006இல் வெளிவந்தது. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. 5 வந்தால் லேசான பதற்றம், 10 நடுத்தரம், 15 கடுமை. தாளை என் கையில் கொடுத்திருந்தால் தொல்லையே இல்லை. ஆலோசகர் பெண் வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "எளிதில் எரிச்சல் வருகிறதா?" நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார், "எங்கள் அம்மிணிக்கு எரிச்சலெல்லாம் வராதுங்க" என்றார். 0. "ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற பயம்?" "எங்கள் வீட்டில் அவளுக்கு என்னங்க பயம்?" அதற்கும் 0. ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு இருக்கிறதா என்று இன்னொரு கேள்வி. தறிக்குடோனில் யார் உட்கார்ந்தார்கள்? மொத்தம் 4 வந்தது.

மருத்துவர் அந்த 4ஐப் பார்த்துவிட்டு வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அதைப் பிணைக்க முடியவில்லை என்றேன். பழைய பாவின் இழை நுனியையும் புதிய பாவின் இழை நுனியையும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இப்போது விரல் நடுங்கி இழை நழுவுகிறது, சேர்த்ததும் பிரிந்துகொள்கிறது. அவர் அத்தையைப் பணம் கட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அதே ஏழு கேள்விகளைத் திரும்பக் கேட்டார். 16.

தனித்தாள் எதற்கு என்றால், மனச்சோர்வும் பதற்றமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு எல்லாம் இரண்டிலும் வரும். ஹாமில்டன் என்ற மனநல மருத்துவர் 1959இல் வெளியிட்ட பதற்ற அளவுகோலில் உள்ள 14 தலைப்புகளில் தூக்கமின்மையும் சோர்ந்த மனநிலையும் உண்டு. அதனால் மனச்சோர்வு உள்ளவருக்குப் பதற்றம் இல்லாவிட்டாலும் கொஞ்சம் மதிப்பெண் ஏறிவிடும். பெக் என்ற மனநல மருத்துவர் 1988இல் வெளியிட்ட பதற்றத் தாளின் 21 கேள்விகளில் பெரும்பாலானவை உடம்பைப் பற்றியவை: படபடப்பு, கை நடுக்கம், மரத்துப்போதல், வியர்வை. சித்திரையில் தகரக் கூரைக்கடியில் நிற்பவளிடம் வியர்க்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வாள்? சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்துப்போகாதா? பொது மருத்துவமனை நோயாளிகளுக்காக 1983இல் உருவான, பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் ஹாட்ஸ் தாள் உடல் உபாதைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது இதனால்தான். தாள்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த எண்ணோடு பேச்சை முடித்துக்கொள்பவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று. ஜிஏடி-7 கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டுமே கேட்கும். என்னைக் கேட்ட சமயத்தில் கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்தி வைத்திருந்தோம். பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட கூலியை, பாவு நூல் கொடுப்பவர்கள் பில் போடும்போது குறைத்துவிடுகிறார்கள். கேட்டால் துணி தேங்கிக் கிடக்கிறது என்பார்கள். மின் கட்டணத்துக்கு அந்தச் சாக்கு செல்லுமா? தறிக் கடனின் தவணை தேதி தள்ளிப் போகுமா? ஓடாத தறியைப் பார்த்துக்கொண்டு பதறாமல் இருப்பவருக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்று மருத்துவரிடமே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தறி ஓடத் தொடங்கியதும் மறுபடி கேட்கிறேன் என்றார். கேட்டார், குறைந்திருந்தது, ஆனால் 10க்குக் கீழே இறங்கவில்லை.

தாளை நிரப்பிய பிறகும் உங்கள் மாத்திரை மாறவில்லை என்றால், தாள் வீண் என்று எண்ண வேண்டாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பல மருந்துகளையே பதற்றத்துக்கும் கொடுக்கிறார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை தாளைக் கையில் வாங்கி நீங்களே நிரப்புங்கள். துணைக்கு வருபவரை மருந்துக்கடை வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். அங்கே எப்போதும் கூட்டம்தான்.