தூளியை நிறுத்தினால் அழுகிறாளே! குழந்தைத் தூக்கம்: கேள்வி பதில்

கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிக்காக வீடு வீடாகப் போன நாளிலும் தாய்மார் என்னிடம் அதிகம் கேட்டது தூக்கத்தைப் பற்றித்தான். இப்போது வந்திருக்கும் கேள்விகளும் அவையே.

திருப்பாதிரிப்புலியூர்: மகளுக்கு 5 மாதம். தூளியில் ஆட்டினால்தான் தூங்குகிறாள். முக்கால் மணிக்கு ஒருமுறை விழித்து அழுகிறாள். ராத்திரி பூரா நானும் அம்மாவும் மாற்றி மாற்றி ஆட்டுகிறோம்.

உன் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு. 4 மாதவாக்கில் தூக்கத்தின் போக்கே மாறும். ஆழ்ந்து தூங்கும், லேசாக விழிக்கும், மறுபடி ஆழும். நமக்கும் அப்படித்தான், நாம் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம், காலையில் ஞாபகம்கூட இருப்பதில்லை. அவள் கண் மூடும்போது தூளி ஆடிக்கொண்டிருந்தது, விழித்தால் அசையாமல் நிற்கிறது. எதை வைத்துத் தூங்கினாளோ அதைத் தேடி அழுகிறாள்.

ஒரே நாளில் பழக்கத்தை மாற்றாதே. முதல் மூன்று நாள் ஆட்டு, கண் சொருகும்போது கையை எடுத்துவிடு. அடுத்த சில நாள் ஆட்டாமல் தட்டிக்கொடு. அப்புறம் அதே தட்டலைப் பாயில் செய். தாலாட்டு மட்டும் மாற வேண்டாம், அதே பாட்டு, அதே குரல். இரவின் முதல் தூக்கத்தில் தொடங்கு, அப்போதுதான் தூக்கம் நன்றாக அழுத்தும். பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். ஊசி போட்ட நாளிலும் காய்ச்சல் நாளிலும் வேண்டாம்.

தூளியை நான் பழிக்கவில்லை. என் பிள்ளைகளும் என் அம்மாவின் புடவையில் ஆடியவர்கள்தான். ஆனால் உள்ளே உடம்பு வளைந்து மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு முட்டும். அதனால் நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தூளி. தூங்கியதும் தலையணை இல்லாத, அழுந்தாத சமமான படுக்கையில் மல்லாக்கப் போடு. புரளவோ உட்காரவோ ஆரம்பித்துவிட்டால் அவிழ்த்துவிடு. பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது துணி கழுத்தில் இறுகிவிடும். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

முத்தியால்பேட்டை: பிறந்து 20 நாள். பகலெல்லாம் தூங்குகிறான், ராத்திரி 2 மணிக்குக் கொட்டக்கொட்ட முழிக்கிறான்.

இரவு பகல் அவனுக்கு இன்னும் தெரியாது. அது தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்குவான், ஆனால் துண்டு துண்டாக. காலையில் ஜன்னலைத் திற, பகலில் பால் கொடுக்கும்போது பேசு, வீட்டுச் சத்தத்தை அடக்காதே. இரவில் மங்கலான விளக்கு, பேச்சில்லாமல் பால், உடனே படுக்கை. இரவுப் பாலை மட்டும் நிறுத்தாதே. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவுத் தாய்ப்பாலில்தான் அதிகம். பகலில் அவன் தூங்கும்போது நீயும் படு, துணி துவைப்பதை வேறு யாராவது பார்க்கட்டும்.

வில்லியனூர்: 4 மாதம். இரவில் கேழ்வரகுக் கூழ் கொடு, கடுகுத் தலையணை வை என்கிறார் மாமியார்.

இரண்டும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை தலையணை எதுவும் கூடாது. மாமியாரிடம் மாலையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலையைக் கொடு, அவருக்கும் மனம் நிறையும்.

தேவனாம்பட்டினம்: மே மாதப் புழுக்கத்தில் விழித்துக்கொண்டே இருக்கிறான். 7 மாதம்.

பிடரியைத் தொட்டுப் பார். வியர்த்திருந்தால் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், குல்லா வேண்டாம். கொசுவலை கட்டு. மூடிய அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் கூடாது.

லாஸ்பேட்டை: 9 மாதம். தனி அறையில் அழவிட்டால் பழகிவிடும் என்கிறாள் அமெரிக்காவில் இருக்கும் அக்கா. பாவமில்லையா?

உன் அக்கா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இடைவெளி விட்டுவிட்டுப் போய்ச் சமாதானம் செய்வது ஒரு முறை. பக்கத்தில் உட்கார்ந்து நாளுக்கு நாள் விலகுவது இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் இரண்டையும் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளை 6 வயதில் மறுபடி பார்த்தார்கள். கெடுதல் எதுவும் தெரியவில்லை என்று 2012-ல் எழுதினார்கள். ஒரே அறையில் குடும்பமே படுக்கும் நம் வீடுகளுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பாய்க்குப் பக்கத்தில் உட்கார், தூக்காமல் கை மட்டும் வை. நாலைந்து நாளில் கையையும் எடு.

அரியாங்குப்பம்: நான் வேலை முடிந்து வர 10 மணி. 3 வயதுப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே 11.30 வரை முழித்திருக்கிறாள்.

தம்பி, அவள் காத்திருப்பது உங்களுக்காக. பகல் தூக்கத்தோடு சேர்த்து அவளுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். முதலில் காலையில் எழும் நேரத்தை நிலையாக்குங்கள். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் அலமாரிக்குள் போகட்டும். குளிப்பாட்டுவதும் இட்லி ஊட்டுவதும் காலையில் உங்கள் வேலையாக இருக்கட்டும். அப்பா காலையில் கிடைப்பார் என்று தெரிந்தால் ராத்திரி காத்திருக்க மாட்டாள்.

நெல்லித்தோப்பு: 4 வயது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறான், இடையிடையே மூச்சு நிற்கிற மாதிரி இருக்கிறது.

இதற்குப் பழக்கம் கற்றுத்தந்து பயனில்லை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கலாம். தூங்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு, இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டு.