பெட்டியில் கழிந்த 22 நாட்களும் பிற்காலக் குடிப்பழக்கமும்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். என் மகன் 34 வாரத்திலேயே 1.7 கிலோ எடையில் பிறந்து, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் 22 நாள் பெட்டியில் இருந்தான். எனக்குப் பால் சரியாகச் சுரக்காததால் பவுடர் பால்தான் கொடுத்தார்கள். மாமனார் குடியால் இறந்தவர். கணவரும் தினமும் குடிக்கிறார். பிறந்தவுடன் தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைகள் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாவார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவனுக்கு இப்போது 40 நாள், 2.2 கிலோ. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1959 முதல் 1961 வரை ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒரு மாதமோ அதற்கும் குறைவாகவோ தாய்ப்பால் குடித்தவர்கள், வளர்ந்தபின் குடி தொடர்பான நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக இருந்ததாக 2006இல் வெளியான ஆய்வு கூறியது. ஒன்றரை மடங்கு என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தெரிந்தாலும், சீக்கிரம் பால் மறந்த குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் அந்த நிலைக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மேலும், தாய்ப்பால் ஏன் நின்றது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு முழுமையாகப் பதில் சொல்லாது. தாயின் மனச்சோர்வு, புகைப்பழக்கம், வீட்டுச் சண்டை, வறுமை ஆகியவை பாலையும் நிறுத்தலாம், பிள்ளையின் பிற்கால வாழ்க்கையையும் பாதிக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றில் சிலவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே இது ஒரு தொடர்பு மட்டுமே. பால் இல்லாததுதான் காரணம் என்று இதை வைத்து யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்ததால் பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தையின் தாயை இந்த எண்ணைச் சொல்லி அச்சுறுத்துவது எனக்கு உடன்பாடில்லாதது.

எனினும் பச்சைக் குழந்தைப் பராமரிப்புக்கும் பிற்கால மனநலத்துக்கும் உறவு இல்லை என்று ஆகிவிடாது. பசியிலோ பயத்திலோ அழும் குழந்தையை யாராவது அள்ளி அணைத்து அமர்த்தும் ஒவ்வொரு தடவையும், பதற்றம் ஏறினால் இறங்கவும் செய்யும் என்பதை அதன் உடல் பழகிக்கொள்கிறது. குடியை நாடுபவர்களில் பலர் பின்னாளில் மதுவில் தேடுவது அந்த அமைதியைத்தான். எலிகளிடம் செய்த சோதனைகள் பலவற்றில், தாயிடமிருந்து நெடுநேரம் பிரிக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அதிக மதுவைக் குடித்தன. மனிதர்களைப் பொறுத்தவரை, கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கங்காரு முறையில், அதாவது தாயின் வெறும் மார்போடு ஒட்டிக் கட்டிவைத்துப் பராமரிக்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளை 20 ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அவர்களிடம் மூர்க்கமும் நிலைகொள்ளாத துடிப்பும் குறைவாக இருந்தன. குடியை நேரடியாக அளந்த ஆய்வு அல்ல அது. ஆனால் இளவயதில் குடியை நோக்கித் தள்ளும் குணங்களில் அவை இரண்டும் சேர்ந்தவை.

அந்தக் கங்காரு முறையை நீங்கள் இன்றே தொடங்கலாம். குழந்தைக்கு அரைத்துணியும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்டு, உங்கள் வெறும் மார்பின் நடுவில் நிமிர்ந்தவாறு தவளைபோல் கால் மடக்கிப் படுக்க வைத்து, மூக்கு மூடாதபடி முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மேலே புடவையால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை அதிக நேரம் வைத்திருக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஏற்காட்டுக் குளிருக்கு இதைவிட நல்ல கம்பளி கிடையாது. கட்டியிருக்கும்போதே அவன் வாய் மார்பைத் தேடும். பகலிலும் இரவிலும் அடிக்கடி சப்ப விட்டால், நின்றுபோன பால் பல தாய்மார்களுக்கு மீண்டும் ஊறுகிறது. ஊறும்வரை பவுடர் பாலைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். எடையைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

மலைக்குளிருக்கு ஒரு சொட்டு பிராந்தியை நாக்கில் வைப்பதும் நெஞ்சில் தடவுவதும் கூடாது. பச்சைக் குழந்தையின் தோல் வழியாகவும் மது உள்ளே போகும். சர்க்கரை அளவு சரிந்து மயக்கம் வரலாம். சேனை வைப்பதாகத் தேன் தொடுவதும் ஒரு வயது வரை வேண்டாம்.

பாலைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கேள்வியில் பாதி வரியில் கடந்துபோன விஷயம், அதாவது கணவர். குடிநோயில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரையைச் சேர்ந்தது. டென்மார்க்கிலேயே 1973இல் வெளியான ஆய்வில், குடிநோயாளிக்குப் பிறந்து வேறு வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஆண்களுக்கும் அந்நோய் மற்ற தத்துப்பிள்ளைகளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வந்திருந்தது. இரத்தத்தில் வருவதை நாம் மாற்ற முடியாது. அடிதடி, பயம், பதினைந்து வயதுக்கு முன்பே கைக்கு வரும் முதல் கிளாஸ் ஆகிய மற்றவை வீட்டில்தான் உருவாகின்றன.

இப்போதைக்கு, குடித்த இரவில் அவர் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. தூக்கத்தில் அழுத்தி மூச்சு முட்டிவிடும் ஆபத்து உண்டு. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினாலும் வலிப்பும் பிதற்றலும் வரலாம் என்பதால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வந்து நிறுத்துவதே சரி. வர மறுத்தால், கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான 14416இல் முதலில் நீங்கள் பேசலாம். தூக்கமின்மையைப் பற்றியும் அங்கேயே சொல்லுங்கள். அடுத்த முறை எடை பார்க்கச் சேலத்துக்கு இறங்கும்போது கணவரையும் கூட்டி வாருங்கள். கங்காரு முறையைத் தகப்பனும் செய்யலாம். குடிக்காத ஒரு காலை வேளையில் அவர் மார்பில் குழந்தையைக் கட்டிவிடச் செவிலியரிடம் கேளுங்கள்.