கிறிஸ்துமஸ் நெருங்கினாலே தலைவலியும் படபடப்பும்: முன்கூட்டியே என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 46. வேலைக்குப் போகிறேன். நவம்பர் முடியும்போதே கிறிஸ்துமஸ் வேலைகளை நினைத்துப் பதற்றம் தொடங்கிவிடுகிறது. வீட்டைச் சுத்தப்படுத்துவது, அலங்காரம், பரிசுகள், விருந்து, வந்து தங்கும் உறவினர்கள் என்று எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. டிசம்பர் பாதியைத் தாண்டினால் இரவில் தூக்கம் வருவதில்லை. மாலையில் தலை கனக்கிறது. சில நேரம் நெஞ்சு படபடக்கிறது. போன ஆண்டு பண்டிகை முடிந்த மறுநாள் கடுமையான ஒற்றைத் தலைவலியோடு படுத்துவிட்டேன். அன்று ரத்த அழுத்தம் 146/92 இருந்தது. அதன் பிறகு பார்க்கவில்லை. சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ள 76 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். இந்த ஆண்டாவது நிம்மதியாக இருக்க எப்படித் திட்டமிடுவது? கடைசி வாரத்துக்கு மட்டும் தூக்க மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஆண்டுதோறும் ஒரே காலத்தில் தோன்றி, அந்தக் காலம் கடந்ததும் மறைந்துவிடும் தொல்லைகளுக்கு மன அழுத்தமும் ஒழுங்கு குலைந்த தூக்கமும் காரணமாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் எல்லாப் பழியையும் டிசம்பர் மாதத்தின் மேல் போட்டுவிட்டு உடலைச் சோதிக்காமல் விடுவது சரியாகாது. தலைவலியால் துடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை எடுத்த 146/92 என்ற அளவை வைத்து உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதைச் சாதாரணமானது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பண்டிகை வேலைகள் தொடங்கும் முன், வீட்டிலேயே தொடர்ந்து ஏழு நாட்கள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதிவையுங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைக் கணக்கிடும்போது அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். ரத்தசோகை, தைராய்டு சுரப்பு மிகுதி, மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தின் ஹார்மோன் மாற்றங்கள் ஆகிய மூன்றுமே உங்கள் வயதில் படபடப்பையும் தூக்கமின்மையையும் உண்டாக்கக்கூடியவை என்பதால், ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஒரு இசிஜி ஆகிய பரிசோதனைகளையும் அந்த வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

பண்டிகை முடிந்த பிறகு ஏன் தலைவலி வந்தது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. நெருக்கடி நீடிக்கும் வரை அட்ரினலின், கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் உடலை விழிப்பு நிலையில் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அந்த அழுத்தம் சட்டென்று தளரும்போதுதான் ஒற்றைத் தலைவலி பலருக்கு வெடித்துக் கிளம்புகிறது. முந்தைய நாள் சரியான நேரத்தில் சாப்பிடாதது, பின்னிரவு வரை விழித்திருந்தது, மறுநாள் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தூங்கியது, காலைக் காபி தள்ளிப்போனது ஆகியவையும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஒற்றைத் தலைவலிக்கு உள்ளாகும் மூளை மாற்றத்தை விரும்புவதில்லை. ஆகவே உங்கள் திட்டம் 25ஆம் தேதியோடு முடிந்துவிடக் கூடாது. 26, 27 தேதிகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்தது வேலைகளின் எண்ணிக்கையன்று. அத்தனையும் ஒருவருடைய தலைக்குள்ளேயே இருக்கின்றன என்பதுதான். கையால் செய்யும் வேலையைவிட, எதை எப்போது செய்வது என்று நினைவில் வைத்திருப்பதும், முடிவெடுப்பதும், மற்றவர்கள் செய்தார்களா என்று சரிபார்ப்பதும்தான் இரவில் தூங்கவிடாத சுமைகள். அதனால் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அந்த நினைவுச் சுமை முழுவதையும் காகிதத்தில் இறக்கிவையுங்கள். ‘விருந்து’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடாமல், யார் யாரை அழைப்பது என்று தீர்மானிப்பது, யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று நினைவில் கொள்வது, பாத்திரங்கள் போதுமா என்று பார்ப்பது என அதற்குள் ஒளிந்திருக்கும் வேலைகளையும் தனித்தனியாக எழுதுங்கள். அழகான திட்டக் குறிப்பேடு எதுவும் வாங்க வேண்டாம். அதை நிரப்புவதே இன்னொரு வேலையாகிவிடும்.

எழுதி முடித்ததும் பெரும்பாலானவர்கள் உடனே ஒவ்வொன்றுக்கும் தேதி குறிக்கத் தொடங்குகிறார்கள். நான் அதற்கு முன் ஒரு கட்டம் வேண்டும் என்பேன்: நீக்குவது. குடும்பத்தார் அனைவரையும் உட்காரவைத்து, இவற்றில் எது இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாக இருக்காது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதும் மாமியார் சொல்வதும் நீங்கள் நினைத்திருந்ததிலிருந்து வேறாக இருக்கக்கூடும். யாருமே குறிப்பிடாத வேலைகளை இந்த ஆண்டு ஓசையில்லாமல் விட்டுவிடலாம். ஒரு வேலையை நேர்த்தியாகத் திட்டமிடுவதைவிட அதைச் செய்யாமலிருப்பது உடலுக்கு அதிக ஓய்வைத் தரும்.

மிஞ்சியவற்றைப் பகிர்ந்தளிக்கும்போது, ‘எனக்கு உதவி செய்யுங்கள்’ என்று கேட்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. உதவியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை. அந்தப் பொறுப்பு மறுபடியும் உங்களிடமே வந்துசேரும். கணவர் பரிசுகளைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால், பட்டியல் போடுவது முதல் பொதிந்துவைப்பது வரை முழுவதும் அவருடையதாக இருக்கட்டும். வளர்ந்த பிள்ளைக்கு அலங்காரத்தை ஒப்படைத்தால் நட்சத்திரம் கோணலாகத் தொங்கினாலும் அதைத் திருத்தப் போகாதீர்கள். சொல்வதற்கு எளிது, கடைப்பிடிப்பது கடினம் என்பதை அறிவேன். ஆனால் நான் பார்த்தவரையில் பெரும்பாலான பண்டிகைத் திட்டங்கள் உடைந்துபோவது இந்த இடத்தில்தான்.

தேதிகளை 25இலிருந்து பின்னோக்கிக் குறியுங்கள். கடைசி மூன்று நாட்களில் சமையலையும் வரவேற்பையும் தவிரப் புதிதாக எதையும் தொடங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால், சுத்தம் செய்வது, பொருட்கள் வாங்குவது, பரிசு பொதிவது எல்லாம் 21ஆம் தேதிக்குள் முடிந்தாக வேண்டும். வாரத்தில் ஒரு மாலையையாவது எந்த வேலையும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். எதிர்பாராமல் தள்ளிப்போகும் வேலைகள் தாமாகவே அங்கே வந்து நிற்கும். தங்க வரும் உறவினர்களிடம் வரும் நாளையும் புறப்படும் நாளையும் முன்பே கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. செலவுக்கான தொகையையும் கணவரோடு பேசி இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தூக்கமின்மை என்று வருபவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால் அடியில் பணக் கவலை இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

விருந்து உணவை முன்கூட்டியே சமைத்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் என்றாலும் அதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டும்படி, ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். பெட்டி நிரம்பி வழிந்தால் உள்ளே குளிர் சீராகப் பரவாது என்பதால், உணவு வகைகளைக் குறைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

தூக்க மாத்திரை பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். பரவலாகப் பயன்படும் தூக்க மாத்திரைகள் மறுநாள் காலையில் மந்தத்தையும் தடுமாற்றத்தையும் ஏற்படுத்தக்கூடியவை. அடுப்பருகிலும், ஏணி மீதும், வாகனத்திலும் அதிகம் இருக்கப்போகும் ஒரு வாரத்துக்கு அவை பொருந்தாது. விரைவில் பழக்கமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதற்குப் பதிலாக, விழித்தெழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆவதால், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு காபியும் தேநீரும் வேண்டாம். படுக்கப் போகும் முன், மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதிவிட்டுப் படுங்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட இனிச் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள் விரைவாகத் தூங்கினார்கள். நள்ளிரவு ஆராதனைக்குச் செல்வதாக இருந்தால் அன்று பிற்பகலில் அரை மணி நேரம் கண்ணயருங்கள். மறுநாள் காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகமாகத் தூங்க வேண்டாம். சமையலுக்கு நடுவே நீங்கள் சாப்பிடும் நேரத்தையும் பட்டியலில் எழுதுங்கள், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் என்று அல்ல.

வலி மாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. உங்கள் அளவு என்னவென்று தெரியும் வரை அவற்றைத் தவிர்த்துப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். எந்த வலி மாத்திரையும் மாதத்தில் பாதி நாட்களுக்கு, மாதக் கணக்கில் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அவரைப் பற்றித்தான் அதிகம் எழுதத் தோன்றுகிறது. சுவீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான சுமார் 2.8 லட்சம் மாரடைப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் மாரடைப்பு அபாயம் 37 சதவீதம் கூடுதலாக இருந்ததையும், அன்றிரவு பத்து மணியளவில் அது உச்சத்தை எட்டியதையும் காட்டியது. 75 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள் ஆகியோரிடம் இது மேலும் தெளிவாகத் தெரிந்தது. கோபம், பதற்றம், துயரம், உடல் அலைச்சல், மிகுதியான உணவு எல்லாம் ஒரே இரவில் கூடுவது காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; அன்றைய மாலை அவருக்கு ஓய்வான மாலையாக அமையும்படி திட்டமிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஜனவரி இரண்டாவது வாரம் வரைக்குமான மருந்துகளை டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கிவையுங்கள். அவர் இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொண்டபின் விருந்து ஒரு மணி நேரம் தாமதமானால் வியர்வை, நடுக்கம், குழப்பத்தோடு சர்க்கரை தாழ்ந்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய உணவு நேரம் மாறக் கூடாது.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வையும் குமட்டலும் தோன்றினால், பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளிலும் பெண்களிலும் நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். அவசர எண்ணையும், அருகில் 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனையின் முகவரியையும், மாமியாரின் மருந்துப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தால், வீட்டில் நீங்கள் இல்லாத நேரத்திலும் மற்றவர்களால் செயல்பட முடியும்.

உங்களுக்கு வழக்கத்துக்கு மாறாக, சில நொடிகளிலேயே உச்சத்தை எட்டும் தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், மயக்கத்தோடு வரும் படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அதுவும் அவசரநிலைதான். மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கும் நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பண்டிகைக் களைப்பு என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏழு நாள் ரத்த அழுத்தக் குறிப்பையும், தலைவலி வந்த நாட்களையும் எடுத்துக்கொண்ட மாத்திரைகளையும் எழுதிய தாளையும் கையோடு கொண்டு சென்றால், உங்கள் ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பு மருந்து தேவையா என்பதை அவர் முதல் சந்திப்பிலேயே முடிவு செய்ய முடியும்.